பாட்டு நடுவே 'டக்'... லேப்டாப் ரெக்கார்டிங்கில் சத்தம் அறுந்துபோவது ஏன்? புது லேப்டாப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

இரவு 11 மணி. தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கியாச்சு. பக்கத்து வீட்டு மிக்ஸியும் நின்னாச்சு. மைக்கில் காற்றுச் சத்தம் விழக் கூடாது என்று ஃபேனையும் அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க இரண்டு மணி நேரம் பாடி, ஒருவழியாகச் சரணம் மனசுக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டது. ஹெட்போனை மாட்டிக் கேட்டால், குரல் மேலே ஏறி நிற்கும் இடத்தில் ஒரு 'டக்'. அடுத்த வரியில் பாதி எழுத்தைக் காணோம்.

வீட்டிலேயே பாட்டு, வீணை, கீபோர்டு, பாட்காஸ்ட் என்று லேப்டாப்பில் பதிவு செய்பவர்களில் இதை அனுபவிக்காதவர்கள் குறைவு. கடைக்காரரிடம் கேட்டால் 'ரேம் போடுங்க' என்பார். நண்பரிடம் கேட்டால் 'லேப்டாப் பழசு, மாத்திடு' என்பார். சிலர் ஐம்பது, அறுபதாயிரம் செலவு செய்து புதுசு வாங்கிய பிறகும் அதே 'டக்' வந்து நிற்கும். ஏனென்றால், பெரும்பாலான நேரங்களில் பிரச்சினை லேப்டாப்பின் வேகம் அல்ல. நேரம் தவறுவதுதான் பிரச்சினை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இப்படி அறுந்துபோன சத்தம் எங்கேயும் ஒளிந்திருக்காது. அது ஃபைலில் எழுதப்படவே இல்லை. எந்த சாஃப்ட்வேராலும் அதை அப்படியே மீட்டுத் தர முடியாது. மறுபடி பாடச் சொன்னால் பாடிவிடலாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எண்பது வயதுப் பாட்டியை உட்காரவைத்துத் தாலாட்டு பதிவு செய்பவருக்கு, அந்த ஒரு தடவைதான் கிடைக்கும்.

சரி, ஏன் இப்படி நடக்குது? எங்கே தேடணும்?

முதலில், அது டிராப்அவுட்தானா?

ரெக்கார்டிங்கில் வரும் எல்லாக் கெட்ட சத்தமும் ஒரே நோய் அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் செட்டிங்ஸை மாற்ற ஆரம்பித்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

சத்தம் கெட்டுப்போன இடத்தைத் திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கினாலோ, நடுவில் கொஞ்ச தூரம் வெறும் நேர்கோடாகக் கிடந்தாலோ, அதுதான் டிராப்அவுட். அலையின் உச்சிகள் மட்டும் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருந்தால், அது வேறு கதை. மைக்கின் கெய்ன் அதிகம். குரல் உச்சத்துக்குப் போகும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற அளவுக்குக் குறைத்தால் போதும்.

'ம்ம்ம்ம்' என்று விடாமல் ஒரு ரீங்காரம் கேட்டால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால், எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். 'டக்' சத்தம் பதிவாகும்போதே விழுந்ததா, இல்லை இப்போது பிளே செய்யும்போது லேப்டாப் திணறுகிறதா? கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஒரு டிராக்கின் ஆடியோ ஃபைலை மட்டும் எடுத்து போனில் போட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போனில் சுத்தமாகக் கேட்டால் உங்கள் பாட்டு பத்திரமாக இருக்கிறது. பிளேபேக்தான் கெட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம். போனிலும் அதே இடத்தில் அறுந்தால், பதிவின்போதே விழுந்த ஓட்டை.

குழாயடியில் குடம் மாற்றும் கதை

லேப்டாப் எப்படிச் சத்தத்தைப் பிடிக்கிறது என்று புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிறீர்கள் என்றால், மைக்கில் இருந்து வரும் சத்தம் விநாடிக்கு 48,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். இவற்றை ஒவ்வொன்றாக லேப்டாப் வாங்கிக்கொண்டிருந்தால் வேறு வேலையே நடக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மொத்தமாக எடுக்கிறது. அப்படிச் சேர்க்கும் பாத்திரத்துக்குப் பெயர்தான் பஃபர்.

தெருக் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூட முடியாது, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே குடம். குடம் நிறைந்ததும் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் தண்ணீர் தரையில். தரையில் போன தண்ணீர்தான் அந்த 'டக்'.

சின்னக் குடமாக வைத்தால் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றணும். பெரிய குடமாக வைத்தால் நிதானமாக மாற்றலாம், ஆனால் அது நிறைந்து வீட்டுக்குள் வந்து சேர நேரமாகும். அந்தத் தாமதத்தைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். மைக்கில் பாடியது ஹெட்போனில் கொஞ்சம் பின்தங்கிக் கேட்பது இதனால்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். பஃபர் 64 சாம்பிள் என்றால் ஒரு குடம் நிறைய 1.3 மில்லி விநாடிதான் ஆகும். விநாடிக்கு 750 முறை குடம் மாற்ற வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் முறை. அதில் ஒரே ஒரு முறை தவறினாலும் காதுக்குத் தெரியும்! பஃபரை 256 ஆக்கினால் 5.3 மில்லி விநாடி அவகாசம். 1024 ஆக்கினால் 21 மில்லி விநாடிக்கு மேல்.

அப்படியானால் எல்லோரும் 1024 வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? பாடுபவருக்குத்தான் தொல்லை. சத்தம் உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம். இரண்டும் சேர்ந்து 40 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். தன் குரலே தன்னைத் துரத்திக்கொண்டு வருவது போல இருக்கும், தாளம் தடுமாறும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம்: காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கச்சேரி மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தின் சத்தம் பாடகர் காதுக்கு வரவே சுமார் 6 மில்லி விநாடி ஆகும். அந்த அளவு தாமதம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதனால் 5, 10 மில்லி விநாடிக்காக அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டியதில்லை. 64-ல் வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்கள் 128 அல்லது 256-க்கு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

'சிபியு 20 சதவீதம்தான் காட்டுது... அப்புறம் எப்படி?'

பலரும் குழம்பும் இடம் இதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் லேப்டாப் சும்மாதான் இருக்கிறது. ஆனாலும் சத்தம் அறுகிறது.

அந்த 20 சதவீதம் என்பது சராசரி. குடம் மாற்றுகிறவர் நாள் முழுக்கச் சும்மாதான் நிற்கிறார். ஆனால் குடம் நிறைந்த அதே நொடியில் வாசலில் கூரியர்காரர் கூப்பிட்டதால் கையெழுத்துப் போடப் போய்விட்டார். சராசரிக் கணக்கில் அந்த அரை நிமிடம் தெரியவே தெரியாது. தரையில் தண்ணீர் மட்டும் தெரியும்.

விண்டோஸ் லேப்டாப்பில் அந்தக் கூரியர்காரர்கள் யார் தெரியுமா? டிரைவர்கள். வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரியைக் கவனிக்கும் பகுதி, டச்பேட் என்று ஒவ்வொரு கருவியும் 'எனக்கு இப்பவே ஒரு வேலை ஆகணும்' என்று ப்ராசஸரைக் குறுக்கிட முடியும். இந்தக் குறுக்கீடுகளுக்குச் சாதாரண சாஃப்ட்வேரை விட முன்னுரிமை அதிகம். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட எடுக்காமல் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். மோசமாக எழுதப்பட்டது சில மில்லி விநாடிகள் உட்கார்ந்துகொள்ளும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வெளியே காத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் குடம் வழிந்துவிடும்.

இது வேகப் பிரச்சினை இல்லை என்பதற்கு இன்னொரு கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவுக்கு விநாடிக்குத் தேவைப்படுவது 288 கிலோபைட். நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. மிகச் சாதாரண பென்டிரைவ்கூட இதைவிடப் பல மடங்கு வேகமாக எழுதும். பத்து வருடப் பழைய லேப்டாப்புக்கும் இது பெரிய சுமை அல்ல. அதனால்தான் டிரைவர் தொந்தரவு இருக்கும் புது லேப்டாப்பை விட, வைஃபை அணைக்கப்பட்ட பழைய லேப்டாப் சுத்தமாகப் பதிவு செய்யும் வேடிக்கை நடக்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

செலவில்லாத வேலைகளில் இருந்துதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, பத்து நிமிடம் பதிவு செய்து பார்ப்பது நல்லது. ஐந்து செட்டிங்ஸை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு 'சரியாயிடுச்சு' என்றால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் மறுபடி வரும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணையுங்கள். ஏரோபிளேன் மோட் போட்டாலே போதும். டிராப்அவுட் நின்றுவிட்டால் குற்றவாளி அங்கேதான். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்து வைஃபை டிரைவரின் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால், பதிவு செய்யும்போது மட்டும் நெட்டை அணைத்துக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. நடுவில் நோட்டிஃபிகேஷன் 'டிங்' என்று அடிப்பதும் மிச்சம்.

அடுத்து பவர். லேப்டாப் என்பதே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த சாதனம். வேலை இல்லாத ஒவ்வொரு நொடியும் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண் அயரும். வேலை வந்ததும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஈமெயில் படிப்பவருக்கு அந்த நேரம் தெரியாது. 1.3 மில்லி விநாடிக்கு ஒரு குடம் மாற்றுகிறவருக்குத் தெரியும். அதனால் சார்ஜரைச் செருகி, செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். பழைய கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று பல லேப்டாப்களில் இருக்கும். அதை 'டிசேபிள்' செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்கக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக் மார்க் இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

இங்கே கிதார் வாசிப்பவர்கள் ஒரு பொறியில் மாட்டுவார்கள். சார்ஜர் போட்டால் ரீங்காரம். எடுத்தால் ரீங்காரம் போய்விடும், ஆனால் பேட்டரியில் ஓடும் லேப்டாப் சிக்கனத்துக்குப் போய் டிராப்அவுட் ஆரம்பிக்கும். இரண்டு பின் சார்ஜர், எர்த் இல்லாத பழைய வீட்டு ஒயரிங் ஆகியவை இதற்குக் காரணமாக இருக்கலாம். மூன்று பின் சார்ஜரை, எர்த் ஒழுங்காக உள்ள பாயின்ட்டில் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் 'டெக்னிக்' சிலர் சொல்வார்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நிற்கவில்லையா? விண்டோஸுக்கு 'லேட்டன்சிமான்' என்று ஒரு கருவி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதை ஓடவிட்டு, வழக்கம்போல லேப்டாப்பைப் பயன்படுத்தினால், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் ப்ராசஸரைப் பிடித்துவைத்தது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும். 'என்டிஐஎஸ்' என்று வந்தால் நெட்வொர்க் பக்கம். 'என்வி' என்று தொடங்கும் பெயர் வந்தால் என்விடியா கிராஃபிக்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஏசிபிஐ' என்றால் பவர், பேட்டரி சமாச்சாரம். லேப்டாப் கம்பெனி தரும் பயாஸ் அப்டேட் சில நேரம் இதைச் சரி செய்யும். ஊகத்தில் ரேம் வாங்கிப் போடுவதை விட இந்தப் பத்து நிமிடம் லாபம்.

சரியாக இருபதாவது நிமிடத்தில் ஆரம்பிக்கிறதா?

முதல் இரண்டு டேக் சுத்தமாக இருக்கும். மூன்றாவதில் இருந்து 'டக் டக்'. இப்படி நடந்தால் லேப்டாப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால், அதுதான் விடை.

ப்ராசஸர் ஓர் அளவுக்கு மேல் சூடானால், கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஊர் ஏப்ரல், மே மாதத்தில், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை அணைத்து, எதிரொலி வரக் கூடாது என்று மெத்தை மீதும் போர்வை மீதும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாடினால் அது வேறென்ன செய்யும்? பாவம்.

கெட்டியான மேஜையில், பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே காற்றோட்டம் கிடைக்கும். ஏசி இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு, டேக் எடுக்கும்போது அணைக்கலாம். பல வருடமாகத் திறக்கப்படாத லேப்டாப் ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்தால் கிடைக்கும் பலன், சில நேரம் ஒரு புது லேப்டாப்புக்குச் சமம்.

கேபிளை நம்பாதீர்கள்

யுஎஸ்பி வழியாக ஒரு போட்டோவை காப்பி செய்யும்போது நடுவில் தவறு நேர்ந்தால், அந்தத் துண்டு மறுபடி அனுப்பப்படும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆடியோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. யுஎஸ்பி ஆடியோ பயன்படுத்தும் முறையில், நேரத்துக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம். வழியில் கெட்டுப்போன துண்டைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடே இல்லை. போனது போனதுதான்.

அதனால்தான் பென்டிரைவுக்கும் பிரிண்டருக்கும் நன்றாக வேலை செய்யும் அதே போர்ட், அதே கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் காலை வாரும். ரோட்டோரத்தில் வாங்கிய மூன்று மீட்டர் கேபிள், மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கும் மலிவு ஹப் ஆகியவற்றை ஓரம் கட்டிவிட்டு, இன்டர்ஃபேஸோடு வந்த குட்டை கேபிளில் நேரடியாக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். பிறகு அடுத்த பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி கரண்ட்டிலேயே ஓடும் இன்டர்ஃபேஸில் இரண்டு கண்டென்சர் மைக் மாட்டி 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் கொடுத்தால் கரண்ட் தேவை கூடும். தனி அடாப்டர் போடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் பற்றி ஒரே வரி: பதிவு செய்யும்போது வேண்டாம். தாமதம் நூறு மில்லி விநாடியைத் தாண்டுவது சகஜம்.

கடிகாரம் போலச் சரியான இடைவெளியில் வந்தால்?

டிராப்அவுட் கண்டபடி வருகிறதா, ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா என்று கவனிப்பது பெரிய துப்பு. கண்டபடி வந்தால் டிரைவர், சூடு, கேபிள். ஒரே சீரான இடைவெளியில் வந்தால் பெரும்பாலும் கடிகாரம்.

ஒவ்வொரு ஆடியோ கருவிக்குள்ளும் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. யுஎஸ்பி மைக்கில் பாடி, லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் ஜாக்கில் கேட்டால் இரண்டு கடிகாரங்கள் வேலை செய்கின்றன. இரண்டும் 48,000 என்றுதான் சொல்லும். ஆனால் துல்லியமாக ஒன்றாக இருக்காது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2.4 சாம்பிள் ஏறும் அல்லது இறங்கும். பஃபர் 256 என்றால் சுமார் 107 விநாடிக்கு ஒருமுறை ஒரு முழுக் குடம் கூடுதலாகவோ குறைவாகவோ வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு 'டக்'.

தீர்வு எளிது. பாடுவதும் கேட்பதும் ஒரே கருவியில் இருக்கட்டும். ஹெட்போனை இன்டர்ஃபேஸிலோ, யுஎஸ்பி மைக்கின் பின்னால் உள்ள ஜாக்கிலோ செருகுங்கள். மேக்கில் இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், ஆடியோ மிடி செட்டப்பில் 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' என்ற பெட்டியை டிக் செய்யலாம்.

அதோடு சாம்பிள் ரேட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ் 48-லும் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

டிரைவர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை

விண்டோஸில் இசைப் பதிவுக்கு 'ஏசியோ' டிரைவர் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் சவுண்ட் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு போகாமல் இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசும். ஆனால் 'ஏசியோ ஃபார் ஆல்' என்ற இலவச சாஃப்ட்வேரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் சிக்கல். அது விண்டோஸின் டிரைவர் மேல் போர்த்தப்பட்ட ஒரு போர்வை. லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டை வைத்துச் சமாளிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இன்டர்ஃபேஸ் வாங்கியிருந்தால், அந்தக் கம்பெனியே தரும் ஏசியோ டிரைவரைத்தான் முதலில் போட வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை' என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் 2018-ல் வந்த மேக்புக் ப்ரோ, மேக்புக் ஏர், மேக் மினி மாடல்களில் யுஎஸ்பி ஆடியோ அறுந்துபோகிறது என்று இசைக் கலைஞர்கள் மாதக்கணக்கில் புலம்பினார்கள். விலை லட்சத்தைத் தாண்டிய லேப்டாப். ப்ராசஸர் சும்மா இருக்கும். ஆனாலும் 'டக்'. தேதியையும் நேரத்தையும் நெட்டில் இருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை அணைத்தால் குறைகிறது என்று பயனாளர்கள் பலர் கண்டுபிடித்தார்கள்! கடைசியில் 2019 மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட மேக்ஓஎஸ் 10.14.4 அப்டேட்டில், 2018 மாடல்களில் யுஎஸ்பி ஆடியோ கருவிகளின் நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதுவரை என்ன செய்தார்கள் என்றால், பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் குடம் வழிவதற்கு ஒரு தனிப் பெயரே உண்டு: 'எக்ஸ்ரன்'. குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே தீர வைக்கும் 'ரியல்டைம்' வசதி, பல வருடம் தனியாக வளர்ந்து, 2024-ல் வந்த 6.12 கெர்னலில்தான் முழுமையாக உள்ளே சேர்ந்தது.

சாஃப்ட்வேருக்குள் என்ன செய்யலாம்?

பாடும்போது ரிவர்ப், ஆட்டோட்யூன், மாஸ்டரிங் பிளக்-இன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குடத்தையும் அத்தனை பேரும் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பதிவின்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பின்னணி இசைக்கு இருபது டிராக் இருந்தால், அதை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக மாற்றி, புது ப்ராஜெக்டில் போட்டு அதற்கு மேல் பாடுவது இன்னும் பாதுகாப்பு. பதிவு முடிந்து மிக்ஸிங்குக்குப் போகும்போது பஃபரை 1024-க்கு ஏற்றலாம். அப்போது தாமதம் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பட்டனோ குமிழோ இருக்கிறதா பாருங்கள். பாடுபவரின் குரல் லேப்டாப்புக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். அப்புறம் பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? ஆனால் சாஃப்ட்வேருக்குள் தன் குரல் திரும்பக் கேட்காமல் டிராக்கின் மானிட்டரை அணைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற இடங்களுக்குள் வைத்திருந்தால், நீங்கள் பாடப் பாட அது மேலே ஏற்ற முயன்றுகொண்டிருக்கும். வேறு இடத்துக்கு மாற்றி, முடிந்த பிறகு காப்பி செய்யுங்கள். ஆன்டிவைரஸை முழுவதும் அணைக்க வேண்டியதில்லை. ரெக்கார்டிங் ஃபோல்டரை மட்டும் ஸ்கேனில் இருந்து விலக்கினால் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ரெக்கார்டிங் பிரிஃபரன்ஸில் 'டிடெக்ட் டிராப்அவுட்ஸ்' என்பதை டிக் செய்துவைத்தால், பதிவின்போது எங்கே சத்தம் விடுபட்டது என்று தனியாகக் குறித்துக் காட்டும். ரீப்பரில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் இருக்கிறது. பாடுபவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் மறுபடி ஒருமுறை பாடச் சொல்லலாமே.

விழுந்த ஓட்டையை அடைக்க முடியுமா?

ஓரிரு மில்லி விநாடி 'டக்' என்றால் முடியும். அலையை நன்றாகப் பெரிதாக்கி, அந்தச் செங்குத்து வெட்டைப் பென்சில் கருவியால் வளைத்து வரையலாம். 'ரிப்பேர்' அல்லது 'டீ-கிளிக்' வசதியும் கைகொடுக்கும். பல்லவி மூன்று தடவை வருகிறது என்றால், நன்றாக உள்ள இடத்தில் இருந்து அந்தச் சொல்லை வெட்டி இங்கே ஒட்டி, இரண்டு முனையிலும் கிராஸ்ஃபேட் போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் ஒரு முழு அசையே விடுபட்டிருந்தால், கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. விடுபட்ட இடத்தில் சில நேரம் வெற்றிடம் இருக்காது. அதற்குப் பிறகான பாட்டு முழுவதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். 'நல்லாத்தானே பாடினேன், கடைசியில் ஏன் தாளத்தை விட்டு ஓடுது?' என்று பாடகர் தன்னையே சந்தேகப்படுவார். அவர் மீது தப்பில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் ட்ராக்கை வெட்டி, மீதியைப் பின்னால் தள்ளி வைத்தால் தாளம் மறுபடி சேர்ந்துவிடும்.

திரும்பக் கிடைக்காத பதிவு என்றால் இதையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம். பாட்டியின் தாலாட்டோ, வெளியூரில் இருந்து ஒரே நாள் வந்திருக்கும் நாகஸ்வரக் கலைஞரோ, பதிவு தொடங்கும் முன் லேப்டாப்பில் பத்து நிமிடம் சும்மா ரேடியோவைப் பதிவு செய்து பாருங்கள். கூடவே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டர் ஆப்பைத் திறந்து, மைக் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் வைத்துவிடுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு லேப்டாப் பதிவில் ஓர் அசை காணாமல் போனால், இரண்டு ஃபைலிலும் கைதட்டின இடத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, போனில் இருந்து அந்த அசையை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். சத்தத்தின் தரம் கொஞ்சம் மாறும். ஆனால் குரல் அவருடையதாக இருக்கும்.